காத்திருந்தோரின் ஊர்: மண்டபத்தில் ஒரு நாள்

இராமேசுவரம் செல்வோர் அனைவரும் மண்டபத்தைக் கடந்தே செல்கின்றனர். ஆயினும் மண்டபத்தைக் கண்டவர் மிகச் சிலரே. இரயிலில் வருவோர் இவ்வூர் வந்ததும் சன்னலோரத்திற்கு விரைவார்கள்; ஊரைக் காண அன்று, அடுத்து வரும் பாலத்தைக் காண. பேருந்தில் வருவோர் கண்விழிப்பதும் பாலத்தின் மேல் ஏறிய பிறகுதான். வெளியூரினரைக் குறை கூறிப் பயனில்லை. இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து வளர்ந்த நாமும் அதையேதான் செய்து வருகிறோம். நம் வட்டத்தின் கவியரங்குகளில் பாம்பன் பாலம் பாடப்பட்டிருக்கிறது. தனுஷ்கோடியை விழுங்கிய புயல் பலமுறை பாடப்பட்டிருக்கிறது. இராமநாதர் கோயிலின் நெடிய பிராகாரம் ஏறக்குறைய ஒவ்வோராண்டும் பாடப்பட்டிருக்கிறது. மண்டபத்தை மட்டும் யாரும் பாடியதாக எனக்கு நினைவில்லை.

பத்தாண்டு நிறைவு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, நூல்களை விரித்து அமர்வதற்கு முன் ஒரு காரியம் செய்வதென முடிவு செய்தேன். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கிருந்தோ வந்த பயணியைப்போல, என் ஊரையே சுற்றிப் பார்ப்பது. அவசரம் கூடாது, வேறு வேலை கூடாது. மதுரையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் உடன் வந்தார். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கேள்வி கேட்பதில் ஓய்வு பெறாதவர். இக்கட்டுரையில் உள்ள நல்ல கேள்விகள் அவருடையவை.

இரு கடல்

பொழுது புலரும் முன் வடகரைக்குச் சென்றோம். மண்டபம் இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் நிலத்தின் நா. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. நம் மீனவர்க்கு அவை வடகடலும் தென்கடலும். அரைமணி நடைக்குள் ஒரு கடலிலிருந்து மறுகடலை அடைந்துவிடலாம். தை மாதமாதலால் வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. வடகடல் நுரைத்துக் கலங்கியிருந்தது. முதல் நாள் சென்ற விசைப்படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. காரலும் சூடையும் நண்டும் கூடைகளில் இறங்கின. விலை கூறும் குரல்கள் காற்றை மீறி ஒலித்தன.

சிறிது நேரம் கழித்துத் தென்கரைக்கு நடந்தோம். அங்கே கடல் குளம்போல் கிடந்தது. நண்பர் வியந்து நின்றார். ஆனி, ஆடி மாதங்களில் வந்தால் இது தலைகீழாக இருக்கும் என்றேன். கச்சானும் சோழகமும் வீசும் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும். ஆண்டின் எந்த நாளிலும் இரண்டில் ஒரு கடல் மண்டபத்திற்கு இசைவாக இருக்கும். படகுகள் ஒதுங்கவும், காற்று மாறும்வரை காத்திருக்கவும் இதைவிடப் பொருத்தமான இடம் இக்கரையில் அரிது. இவ்வூரின் வரலாறு முழுவதற்கும் அடிப்படையாக அமைந்த செய்தி இதுவே என்று இப்போது தோன்றுகிறது. மனிதர் இங்கே வந்தது தங்கி வாழ்வதற்கு என்பதைவிடக் கடந்து செல்வதற்கு. கடப்பதற்கு முன் காத்திருப்பதற்கு.

பெயர் சொல்லும் செய்தி

காலை உணவின்போது நண்பர் முதற் கேள்வியைக் கேட்டார்: "இந்த ஊருக்கு மண்டபம் என்று ஏன் பெயர்?"

பாலங்கள் தோன்றுமுன் சேது யாத்திரை பெரும் துன்பம் நிறைந்தது. காசியிலிருந்து கங்கை நீருடன் புறப்பட்டவர் மாதக்கணக்கில் நடந்து இக்கரையை அடைந்தனர். இங்கிருந்து தோணியேறிப் பாம்பன் தீவை அடைந்து மீண்டும் நடக்க வேண்டும். காற்று எதிராக இருந்தால் தோணி புறப்படாது. ஒரு நாளோ பல நாளோ கரையிலே தங்கியாக வேண்டும். அவ்வாறு தங்குவோர்க்கு நிழலும் நீரும் சோறும் அளிப்பது சேதுபதி மன்னர்களின் தலையாய அறமாயிருந்தது. சேதுவின் காவலர் என்னும் பட்டத்தையே குடிப்பெயராகக் கொண்டவர்கள் அவர்கள். சேது வழி நெடுகச் சத்திரங்களும் மடங்களும் எழுந்தன. ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம். மூன்றும் தங்குமிடத்தின் பெயர்கள். இவற்றைக் கடந்து சென்றால்தான் ஈசுவரத்தில் முடியும் பெயர் வருகிறது. வழிப்போக்கர் இளைப்பாறிய இடங்களே ஊர்களாகப் பெயர் பெற்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சேதுபதிகளின் தமிழ்ப்பணியை நம் வட்டத்தினர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 'நாணிக் கண் புதைத்தல்' என்னும் ஒரு துறையையே நானூறு பாடல்களில் பாடி இரகுநாத சேதுபதியைச் சிறப்பித்த அமிர்தகவிராயரின் ஒருதுறைக்கோவையை நாம் அறிவோம். ஈழத்து ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணை நின்றவர் இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவர். அவர் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். ஏட்டுச் சுவடியும் அச்சு நூலும் புலவரும் இரு கரைகளுக்கிடையே போய்வந்த காலம் அது. ஆயினும் நண்பர் ஒரு சொல் சொன்னார். அது நாள் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை. "மண்டபம் கட்டியவன் பெயரைக் கல்வெட்டுச் சொல்லும், அதில் படுத்து எழுந்தவன் பெயரைச் சொல்லாது."

வேதாளைக் கரையில்

அன்று நாங்கள் பேருந்து ஏறியது ஒரே முறை. அது மேற்கே வேதாளைக்குச் செல்வதற்காக. அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்தே திரும்புவது என்பது திட்டம்.

பனையும் தென்னையும் உடைமரமும் சூழ்ந்த வேதாளையைக் காண்பவர், உலக வரலாற்று நூல்களில் இடம் பெற்ற ஊர் இது என்று நினைக்கமாட்டார். 1538இல் இக்கரையில் ஒரு பெரும் கடற்போர் நிகழ்ந்தது. இலங்கையில் கோட்டை அரசன் புவனேகபாகுவுக்கும் அவன் தம்பி சீதாவாக்கை மாயாதுன்னைக்கும் பகை மூண்டிருந்தது. மாயாதுன்னைக்குத் துணையாகக் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கப்பற்படை மரைக்காயர் தலைவர்களின் கீழ்ப் புறப்பட்டது. பட்டு மரைக்காயரும் அலி இப்ராகிம் மரைக்காயரும் அத்தலைவர்களுள் முதன்மையானோர். இலங்கைக்குச் செல்லும் வழியில் வேதாளையில் தங்கியிருந்த அப்படையை மார்த்திம் அபோன்சோ தெ சூசாவின் தலைமையில் வந்த போர்ச்சுக்கீசியர் தாக்கி முறியடித்தனர். மன்னார் வளைகுடாவின் முத்துக் கரையில் போர்ச்சுக்கீசியரின் கை ஓங்குவதற்கு இவ்வெற்றி துணை செய்தது. கோழிக்கோட்டுப் படைக்கும் இக்கரை ஒரு தங்குமிடமாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கடப்பதற்கு முன் காத்திருந்த இடத்திலேயே அவர்கள் கதை முடிந்தது.

பதினோர் ஆண்டுகள் கழித்து இதே வேதாளையில் மற்றொன்று நிகழ்ந்தது. அப்போது இங்கே காவல் இருந்த போர்ச்சுக்கீசியத் தலைவன் நிலத்தின் குறுக்கே அகழி ஒன்றை வெட்டி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் சுங்கம் செலுத்தினாலன்றி வழிவிடுவதில்லை என்று தடுத்தான். சினந்தெழுந்த வடுகர் படை 1549இல் வேதாளையைத் தாக்கிற்று. முத்துக்குளிக்கும் பரதவர் குடும்பங்கள் கடலோரம் ஓடின. அந்தோனியோ கிரிமினாலி என்னும் இத்தாலியப் பாதிரியார், பெண்களையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தாம் கரையில் நின்று உயிர் நீத்தார். இயேசு சபையின் முதற் சான்றோராக அச்சபையினர் அவரைப் போற்றுகின்றனர்.

ஒரு பக்கம், வழிபாட்டிற்குச் செல்லும் ஏழை யாத்திரிகரிடம் வாளைக் காட்டிச் சுங்கம் வாங்கிய தலைவன். மறுபக்கம், அவன் இனத்தவரின் காப்பில் வந்திருந்தும் அவன் செய்த பிழைக்குத் தன் உயிரை ஈடாகக் கொடுத்த துறவி. இருவருக்கும் இடையில் படகேறி உயிர் பிழைத்த பெண்களும் குழந்தைகளும் எத்தனை பேர், எக்கரையில் இறங்கினர் என்பதை எந்த ஏடும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. நண்பரின் கல்வெட்டுச் சொல் எனக்கு நினைவு வந்தது.

முகாம்

மரைக்காயர்பட்டினத்தைக் கடந்து நண்பகலில் மண்டபம் முகாமை அடைந்தோம். மக்கள் வாயில் இது 'கேம்ப்'. இரயில் நிலையத்தின் பெயரிலும் முகாம் இருக்கிறது. அஞ்சல் முகவரியிலும் இருக்கிறது. கடல்மீன் ஆராய்ச்சியாளர் உலகெங்கும் இப்பெயரை அறிவர். 1947இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் இங்கு வந்து, 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை இவ்விடத்திலிருந்தே இயங்கியது. அதன் மண்டல மையம் இன்றும் இங்கு உள்ளது. அங்குள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாத பெற்றோர் இவ்வட்டாரத்தில் குறைவு. ஆனால் அது என்ன முகாம், யாருடைய முகாம் என்று அப்பிள்ளைகள் கேட்டால் விடை சொல்வோர் எத்தனை பேர்?

கண்டிச்சீமைக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களை அடைத்து வைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் அது. 1820களில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம் பகுதிகளின் நிலமற்ற மக்கள் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பிக் கங்காணிகளின் பின் நடந்தனர். இக்கரையின் துறைகளில் தோணியேறி மன்னாரில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழி. நீரற்ற பாதை, காய்ச்சலும் வாந்திபேதியும். வழியில் வீழ்ந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். 1876 முதல் 1878 வரை தமிழகத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில் இவ்வழி நிரம்பி வழிந்தது. காப்பிச் செடியை நோய் அழித்தபின் தேயிலை வந்தது. ஆள் தேவை முன்னிலும் பெருகியது.

பிளேக்கும் வாந்திபேதியும் தீவுக்குள் நுழைந்துவிடுமோ என்னும் அச்சத்தால் இலங்கை அரசு, கடலுக்கு இக்கரையில், இந்திய மண்ணிலேயே தன் தடுப்பு முகாமை நடத்தியது. முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இருந்த முகாம், இரயில் பாதை பாலத்தைக் கடந்து தனுஷ்கோடிக்கு நீண்ட காலத்தை ஒட்டி மண்டபத்திற்கு வந்தது. இரயிலில் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டோர் இங்கே இறக்கப்பட்டனர். பெயரும் ஊரும் கங்காணியின் பெயரும் எழுதப்பட்டன. உடுத்த துணி நீராவியில் அவிக்கப்பட்டது, அம்மை குத்தப்பட்டது. சில நாள் தடுப்புக்காவலில் வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பின்னரே தனுஷ்கோடிக்கு இரயிலேற்றினர். கழுத்திலோ இடுப்பிலோ ஒரு தகரத் துண்டு. எந்தத் தோட்டத்திற்குரியவர் என்பதைக் காட்டும் எண் அதில் பொறிக்கப்பட்டிருந்தது.

அத்தகரத்தின் கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஆளைத் திரட்டக் கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறின. கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாற இயலாது. வேறொரு துரை அக்கடனை ஏற்பதாகத் 'துண்டு' எழுதித் தந்தால் மட்டுமே குடும்பம் இடம் பெயரலாம். துண்டு கைமாறும்போதெல்லாம் கடன் வளர்ந்தது. இம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வந்த இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் ஆள்திரட்டலைக் கண்காணிப்புக்கு உட்படுத்தியது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதையே தடை செய்தது. அதற்குள் தலைமுறைகள் கடந்துவிட்டன.

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1897 சனவரி 26ஆம் நாள் மேலைநாட்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு இலங்கை வழியாகச் சுவாமி விவேகானந்தர் பாம்பனில் வந்திறங்கினார். பாஸ்கர சேதுபதி மன்னர் அவரை எதிர்கொண்டு வணங்கி வரவேற்றார். குந்துகாலில் அதற்கு நினைவகம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அதே நீரிணையை அதே காலத்தில் எதிர்த்திசையில் இலட்சக்கணக்கானோர் கடந்தனர். அவர்கள் ஏறிய துறையில் ஒரு கல்கூட இல்லை.

திரும்பி வந்தோர்

முகாமின் கதை 1939இல் முடியவில்லை. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென இரு தலைநகரங்கள் முடிவு செய்தன. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டன. மனிதரை எண்ணிப் பங்கிட்ட அவ்வேட்டில் அவர்களுடைய விருப்பத்திற்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

உடன்படிக்கை கையெழுத்தாகி இரு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயில் நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலில் மூழ்கிற்று. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்தே தலைமன்னாருக்குச் சென்றுவந்தது. அக்கப்பலில்தான் மலையகத்தார் 'தாயகம்' திரும்பினர். தாயகம் என்னும் சொல்லை மேற்கோள் குறிக்குள் இடுகிறேன். அவர்களுள் மிகப் பலர் தம் வாழ்நாளில் இந்தியாவைக் கண்டதே இல்லை. பாட்டன் துணியை அவித்து அனுப்பிய அதே மண்டபம் முகாம் பேரனைத் திரும்பப் பதிவு செய்தது. இங்கிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு இடங்களுக்கும் அவர்கள் பிரித்தனுப்பப்பட்டனர்.

பிறகு 1983 சூலைக் கலவரம். கப்பல் நின்றது, படகுகள் வந்தன. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இக்கரையில் இறங்கினர். முகாம் மூன்றாம் முறையாக நிரம்பியது. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றது. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் பசித்தோர் மீண்டும் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்திறங்கினர். அவர்களும் இங்கேயே தங்கவைக்கப்பட்டனர்.

முகாமுக்குள் செல்ல அனுமதி வேண்டும், நாங்கள் கேட்கவில்லை. சாலையோரத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்தோம். தேநீர் ஆற்றிக் கொடுத்த அம்மையாரின் பேச்சைக் கேட்டதும் நண்பர் நிமிர்ந்தார். "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டார்.

"மன்னார்ப் பக்கம் ஐயா. தொண்ணூறில வந்தனாங்கள். எனக்கு அப்ப பதினொரு வயசு."

"என்ன எடுத்துக்கொண்டு வந்தீர்கள்?"

அவர் சிரித்தார். "பத்து நாளையில திரும்பலாம் எண்டு அம்மா சொன்னவ. பள்ளிக்கூடத்தில சோதனை இருந்தது. அதனால புத்தகத்தைத்தான் கட்டிக்கொண்டு வந்தனான். படகில எல்லாம் நனைஞ்சு போச்சு."

சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "எண்ட மகள் இங்கதான் பிறந்தவ. காலேஜும் முடிச்சிட்டா. எந்த நாட்டுக்காரி எண்டு படிவத்தில கேக்கினம். நாங்க எதை எழுதுறது ஐயா?"

நாற்பதாண்டு பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொன்ன என் நண்பரிடம் அன்று விடை இல்லை. என்னிடமும் இல்லை.

தோணித்துறையில் மாலை

வெயில் தாழ்ந்தபின் ஊரைக் கடந்து தோணித்துறைக்கு நடந்தோம். யாத்திரிகரும் கூலியாட்களும் தோணியேறிய காலத்தைப் பெயரில் மட்டும் காத்துவரும் இடம் அது. மதுரையிலிருந்து 1902இல் மண்டபம் வரை வந்த இரயில், கடலின் முன் பன்னிரண்டு ஆண்டுகள் தானும் காத்திருந்தது. 1914 பிப்ரவரி 24ஆம் நாள் 145 கண்களுடன் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அது கடலைத் தாண்டிற்று. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்புவரை செல்லும் 'போட் மெயில்' பயணம் அவ்வாறு தோன்றியது. 1964 புயலில் சிதைந்த பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீர்செய்தனர். 1988 அக்டோபர் 2ஆம் நாள் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. பழைய இரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி ஓட்டம் நின்றது; நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் பயன்பாட்டிற்கு வந்தது.

சாலைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் வடப்புறம் அலை வெள்ளைக் கோடுகளாக உடைவதும், தென்புறம் மாலை ஒளி அசையாமல் கிடப்பதும் ஒருங்கே தெரிந்தன. எங்களைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிட்டு மக்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். பாலம் அழகியதுதான். ஆனால் பாலம் வந்தபின் மண்டபத்தில் காத்திருக்க வேண்டியவர் யார், காத்திராமல் கடந்து செல்லக்கூடியவர் யார் என்னும் பிரிவும் உடன் வந்தது. முதல் வகுப்புப் பயணிக்கு மண்டபம் சன்னலுக்கு வெளியே ஓடி மறைந்த ஒரு நிலையம். கங்காணியின் கூட்டத்திற்கு அது பூட்டிய கதவு. இன்றும் அப்பிரிவு மறைந்துவிடவில்லை. பாலத்தில் நாம் நினைத்தபோது ஏறி இறங்குகிறோம். தேநீர்க் கடைக்காரர் ஊர் விட்டு ஊர் செல்ல இசைவு பெற வேண்டியிருக்கிறது.

நம் வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம்

கூலித் தமிழரின் துயரைத் தமிழ் இலக்கியம் அறவே பாராதிருக்கவில்லை. பிஜித்தீவுப் பெண்களுக்காகப் பாரதி கண்ணீர் வடித்தான். புதுமைப்பித்தனின் துன்பக்கேணி இலங்கைத் தோட்டத்திற்கே நம்மை அழைத்துச் சென்றது. மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து நமக்கு அளித்தார். தோட்டம் பாடப்பட்டிருக்கிறது, கடல் பாடப்பட்டிருக்கிறது. புறப்பட்ட நாளுக்கும் போய்ச்சேர்ந்த நாளுக்கும் இடையில் முகாமில் கழிந்த நாட்களை, அதாவது நம் ஊர்ப் பகுதியை, எழுதும் கடமை நம்முடையது. வேறு யாரும் நமக்காக அதைச் செய்யப்போவதில்லை.

ஆதலின் பத்தாண்டு நிறைவில் ஓர் எளிய பணியை முன்வைக்கிறேன். வட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் ஒரே ஒரு முதியவரைத் தேடிச் செல்லட்டும். கண்டிக்குப் போய் மீண்ட குடும்பத்தவராயிருக்கலாம். முகாமில் பணிபுரிந்தவரின் மக்களாயிருக்கலாம். தொண்ணூறில் படகில் வந்தவராயிருக்கலாம். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி வைப்போம். தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தால் அவற்றையும் எழுதுவோம். எந்த வீட்டுப் பெட்டியடியிலாவது ஒரு தகரத் துண்டு கிடந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்வோம். கவிதை பிறகு வரட்டும். முதலில் பெயர்கள் வேண்டும். இன்னும் பத்தாண்டு கழித்து இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.

அன்றிரவு நண்பரை இரயிலேற்ற நிலையத்திற்குச் சென்றேன். இராமேசுவரத்திலிருந்து வர வேண்டிய வண்டி அரைமணி தாமதம். நடைமேடைப் பலகையில் அமர்ந்திருந்தோம். வாடைக்காற்று வடகடலின் இரைச்சலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. நண்பர் தம் குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதினார். என்னவென்று கேட்டேன்.

"அந்த அம்மாவின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். நாளைக்கு நீங்கள் போய்க் கேட்டு எனக்கு எழுதுங்கள்" என்றார்.

மறுநாள் காலை சென்று கேட்டேன். சொன்னார். தம் பெயரை அச்சில் இட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் முதல் பெயராக அது இருக்கிறது.